நான்காம் கம்பத்து அளவு

ஊரில் அவளைப் பல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பல்லக்கில் போகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். பல் செய்கிற அக்கா, அவ்வளவுதான். பல் வைத்தியரின் மருத்துவமனைக்குப் பின்புறம் ஒற்றை ஜன்னல் வைத்த நீள அறைதான் அவளுடைய பட்டறை. வைத்தியர் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார். அவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, பல்செட்டாக்கித் திருப்பி அனுப்புவாள். அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடமாக இதே வேலை. கல்யாண வீட்டில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால், அது தன் கைவேலையா இல்லையா என்று அவளுக்கு மட்டும் தெரியும். "அடுத்தவங்க வாய்க்குள்ள இருக்கிறதை நாம வாயைத் திறந்து சொல்லக் கூடாது" என்பாள்.

அந்தத் தொழிலில் ஒரு நுணுக்கம் உண்டு. பற்களை அச்சடித்தது போல ஒரே சீராக அடுக்கினால், பார்த்த மாத்திரத்தில் பொய்ப்பல் என்று தெரிந்துவிடும். ஒன்றைச் சற்றுத் திருப்பி வைக்க வேண்டும். இன்னொன்றின் முனையை லேசாகத் தேய்க்க வேண்டும். நிஜமான பல் எப்படிக் கோணும் என்று தெரிந்தவள்தான் நல்ல பல் செய்ய முடியும். அவளுக்கு அது கைவந்த கலை.

நாள் முழுக்கக் குனிந்தே வேலை செய்ததில் முதுகு வலி வந்தது. நடக்கச் சொன்னார்கள். அந்தச் சமயத்தில்தான் பஸ் டிரைவரான அவள் கணவர், டெப்போ பலகையில் ஒட்டியிருந்த ஓர் அறிவிப்பைப் பற்றி வீட்டில் வந்து சொன்னார்.

"கடற்கரையைக் கண்காணிக்க ஆள் வேணுமாம். சம்பளம் கிடையாது. கடல் என்ன எழுந்து ஓடிடவா போகுது, காவலுக்கு ஆள் வைக்க?"

"நான் போறேன்" என்றாள் அவள்.

"சும்மா நடக்கச் சொன்னா, கடலுக்கே பல்லு கட்டப் போறேங்கிற."

சிரித்தபடியே அவர்தான் மறுநாள் விண்ணப்பத் தாளையும் வாங்கி வந்தார்.

அலைத்தடுப்புச் சுவரிலிருந்து ஓடை கலக்கும் இடம் வரை ஒன்றரைக் கிலோமீட்டர் கடற்கரை அவள் பொறுப்பில் வந்தது. புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் காலை ஆறு மணிக்குப் போக வேண்டும். வழியில் ஆறு சிமென்ட் கம்பங்கள் நட்டிருந்தார்கள். ஒவ்வொரு கம்பத்திலும் இருந்த ஆணியில் டேப்பின் முனையை மாட்டி, மணல் சரிந்து கீழே இறங்கும் விளிம்பு வரை எத்தனை மீட்டர் என்று அளக்க வேண்டும். பத்து அலை உடைய எத்தனை நொடி, காற்று எந்தப் பக்கம், தண்ணீர் எத்தனை டிகிரி, செத்து ஒதுங்கிய பறவை உண்டா, தார் உருண்டை உண்டா, எல்லாவற்றையும் படிவத்தில் எழுத வேண்டும். கரையோரம் நீரோட்டம் எவ்வளவு வேகம் என்று பார்க்க, ஓர் ஆரஞ்சுப் பழத்தை அலைக்குள் வீசி, ஒரு நிமிடத்தில் அது எத்தனை எட்டு தள்ளிப் போகிறது என்று கூடவே நடந்து எண்ணுவாள். ஆரஞ்சு மிதக்கும், தூரத்திலிருந்தே கண்ணில் படும், தொலைந்தாலும் கடலுக்குக் கெடுதல் இல்லை. ஒரு நாள் ஒரு நாய் நீந்திப் போய்ப் பழத்தைக் கவ்விக்கொண்டு வந்தது. அன்றைய குறிப்பில், "நீரோட்டம் அளக்க முடியவில்லை, காரணம் நாய்" என்று எழுதினாள். படிவங்கள் போய்ச் சேரும் கரை அலுவலகத்தில் அதை வாசித்துச் சிரித்தார்களாம்.

படிவத்தின் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருந்தது. "இன்று செல்லவில்லை" என்று அதற்குப் பக்கத்தில் அச்சிட்டிருக்கும். போக முடியாத நாளில் அதில் ஒரு டிக் போட்டால் போதும், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். மற்ற தன்னார்வலர்கள் எல்லாரும் மாதத்துக்கு ஒன்றிரண்டு தடவை போட்டார்கள். பல்லக்கா மூன்று வருடத்தில் ஒரு தடவைகூடப் போடவில்லை. காய்ச்சலோடு போனாள். மகள் பிரசவத்துக்கு வந்திருந்தபோதும் போய்விட்டு வந்தாள். முதுகுவலிக்காகத் தொடங்கியது முதுகு சரியான பிறகும் நிற்கவில்லை. அந்தக் கட்டம் காலியாகவே இருப்பதில் அவளுக்கு ஒரு பெருமை வந்துவிட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் படிவத்தை மடிக்கும்போதெல்லாம் கண் அங்கேதான் போகும்.

நான்காம் வருட மழைக்காலத்தில் ஒரு புதன்கிழமை. விடியும்போதே கொட்டிக்கொண்டிருந்தது. கணவருக்கு அபூர்வமாக அன்று ஓய்வு. போர்வைக்குள்ளிருந்தே கேட்டார்:

"ஒரு நாள் நீ போகலைன்னா கடல் வத்திடுமா?"

அவள் போகவில்லை. இருவரும் எட்டு மணி வரை தூங்கி, ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். நல்ல காலைதான். மத்தியானம் பட்டறையில் படிவத்தை எடுத்தாள். கட்டத்தில் டிக் போடப் பேனா போனது. கை நின்றது. மூன்று வருடம் காலியாக இருந்த கட்டம். போன ஞாயிற்றுக்கிழமை எழுதியதைப் பார்த்தாள். முதல் கம்பத்தில் ஒரு சாண் குறைத்தாள், மூன்றாவதில் அரைச் சாண் கூட்டினாள், மழை நாள் என்பதால் தண்ணீரில் ஒரு டிகிரி இறக்கினாள். பத்து நிமிடத்தில் முடிந்தது. பொய்ப்பல் செய்கிறவளுக்குப் பொய் எண் செய்ய எவ்வளவு நேரமாகும்?

யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுதான் வினையாயிற்று. அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் நான்கு தடவை அப்படியே செய்தாள். பிறகு பட்டறையில் வேலை குவிந்த மூன்று வாரம் கடற்கரைப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. ஆறு படிவங்களையும் உட்கார்ந்த இடத்திலேயே எழுதினாள். ஆக மொத்தம் பதினொன்று. அந்த மூன்று வாரமும் கணவர் விடியுமுன்பே வீட்டிலிருந்து புறப்படும்போது அவள் தூங்கிக்கொண்டிருப்பாள். அவர் எதையும் கவனிக்கவில்லை.

மறுபடி போன ஞாயிற்றுக்கிழமை, நான்காம் கம்பத்தில் டேப்பை மாட்டி நடந்தவள் பாதியிலேயே நிற்க வேண்டியதாயிற்று. இருபத்திரண்டு மீட்டர் இருந்த இடத்தில் பதினேழரைதான் இருந்தது. மற்ற கம்பங்களில் எல்லாம் ஒரு முழம், இரண்டு முழம் வித்தியாசம்தான். இங்கே மட்டும் கடல் உள்ளே புகுந்து தின்றிருந்தது. விளிம்பில் மணல் ஆள் இடுப்பு உயரத்துக்குச் செங்குத்தாக வெட்டுப்பட்டு நின்றது.

உள்ளதை உள்ளபடி எழுதினால், நாலே நாளில் நாலரை மீட்டர் எப்படிப் போயிற்று என்று கேள்வி வரும். ஈரக் காற்றில் படபடத்த தாளைத் தொடையில் அழுத்திப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். பிறகு இருபத்தொன்றரை என்று எழுதினாள். அடுத்த முறை இருபத்தொன்று. அதற்கடுத்து இருபதரை. இப்படித் தடவைக்கு அரை மீட்டராக இறங்கி ஒரு மாதத்தில் உண்மைக்கு வந்து சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள். பார்க்காமல் எழுதியதாவது சோம்பல். பார்த்த பிறகு எழுதியதற்கு என்ன பெயர் என்று அவளுக்குத் தெரியும். 

இருபத்தொன்று எழுதிய வாரக் கடைசியில்தான் ஆண்டுக் கூட்டம். பள்ளிக்கூட ஹாலில் நாற்பது பேர் கூடியிருந்தார்கள். கரை அலுவலகத்து அதிகாரி, முப்பத்தைந்து வயதிருக்கும், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டே பேசுகிற பழக்கம் உள்ளவர், அவளை மேடைக்கு அழைத்தார். ஒரு நாளும் விடாமல் பதிவு செய்ததற்காக ஒரு மரக் கேடயம். கணவர் கடைசி வரிசையில் எழுந்து நின்று கைதட்டினார்.

"இன்னொரு விஷயம்" என்றார் அதிகாரி. "வயசானவங்க கடற்கரைக்கு இறங்கப் படிக்கட்டு வேணும்னு ரொம்ப நாளா கேக்கிறாங்க. ரோட்டுக்குக் கிட்ட இருக்கிறது நாலாம் கம்பம்தான். அங்க மணல் நிக்குமான்னு ஒரு தயக்கம் இருந்தது. மேடத்தோட அளவை எல்லாம் எடுத்துப் பார்த்தோம். அஞ்சு மாசத்துல ரெண்டு மீட்டர்கூட நகரல. அங்கேயே கட்டிடலாம்னு முடிவு."

எல்லாரும் மறுபடி கைதட்டினார்கள். அவள் அந்த நொடியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "இருங்க சார், இன்னொரு தடவை அளந்துக்கலாம்" என்று சொன்னால்கூடப் போதும், பொய் வெளியே வராமலேயே காரியம் முடிந்திருக்கும். அது அவளுக்கு வீட்டுக்குப் போகும் வழியில்தான் தோன்றியது. கட்டுகிறவர்கள் ஒரு தடவை பார்க்காமலா கட்டுவார்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து ஒரு நாளும் தவறாமல் போனாள், மழையானாலும் புயலானாலும். ஒரு மாதத்தில் படிவமும் மணலும் ஒன்றாயின. அதற்குள் மரப் படிக்கட்டு எழும்பிவிட்டது. பன்னிரண்டு படிகள், இருபுறமும் கைப்பிடி. படிவங்களை அலுவலகத்தில் ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் கூட்டிப் பார்ப்பார்கள். இப்போது அவள் எழுதிய பதினாறும் பதினைந்தரையும் சரியான எண்கள்தான். அவற்றைப் படிக்கத்தான் ஆளில்லை.

திறந்த இரண்டாம் மாதம், பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஏறி இறங்கிய மறுநாள், படிக்கட்டின் கீழ்க் கால்களுக்கு அடியில் மணல் இல்லாமல் போயிருந்தது. மேலிருந்து பார்க்கத் தெரியாது. தபால்காரம்மா தினமும் முதல் சுற்று முடித்து, பையை மேலே பெஞ்சில் வைத்துவிட்டு, பத்து நிமிடம் கால் நனைக்க வருவார். நாற்பத்தாறு வயது, தனி ஆள். எட்டாவது படியில் கால் வைத்ததும் படிக்கட்டு பக்கவாட்டில் சாய்ந்தது. வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. முகம் கைப்பிடியில் மோதி முன்பற்கள் இரண்டு போயின.

சாய்ந்த படிக்கட்டைப் பல்லக்கா அடுத்த நடையிலேயே பார்த்தாள். ஆனால் அதில் ஒருவர் விழுந்த செய்தியை யாரும் அவளிடம் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து வேலையாகத்தான் வந்தது. வைத்தியரின் நர்ஸ் ஓர் அச்சுப் பெட்டியை மேசையில் வைத்தார். கூட இருந்த சீட்டில், "மேல் முன்பல் இரண்டு, கழற்றி மாட்டும் தட்டு. கடற்கரைப் படியில் விழுந்தது" என்று எழுதியிருந்தது.

"யாரு?" என்று கேட்டாள்.

"நம்ம தபால்காரம்மாதான். பாவம், கை வேற கட்டுல இருக்கு. பழைய போட்டோ ஒண்ணு குடுத்திருக்காங்க, பல்லு எப்படி இருந்ததுன்னு பார்க்க."

புகைப்படத்தில் தபால்காரம்மா சக ஊழியர்களோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். இடது முன்பல் மற்றதன் மேல் ஒரு நூல் ஏறியிருந்தது. பல்லக்கா அந்த இரண்டு பற்களை நான்கு நாள் செய்தாள். வழக்கமாக ஒரு நாள் வேலை. நிறம் மூன்று தடவை மாற்றினாள். அந்த ஒரு நூல் ஏற்றத்தை லென்ஸ் வைத்துப் பார்த்துச் சரி செய்தாள். பிளாஸ்டர் அச்சில் இருந்த வெற்றிடத்தைப் பார்க்கும்போதெல்லாம், அந்தப் பற்களை உடைத்தது தன் விரல்தான் என்று தோன்றியது.

தட்டு மாட்டிய மறுநாள் தபால்காரம்மா பட்டறைக்கே வந்துவிட்டார். கழுத்திலிருந்து கட்டிய துணியில் கை தொங்கியது.

"டாக்டர் சொன்னாரு, நீங்கதான் செஞ்சதுன்னு. கண்ணாடியில பார்த்துட்டு அழுதுட்டேன் அக்கா. என் பல்லே திரும்பி வந்த மாதிரி இருக்கு. இந்தக் கோணலை எப்படிக் கொண்டு வந்தீங்க?"

"போட்டோ இருந்துச்சுல்ல."

"போட்டோ ஆயிரம் இருக்கும். மனசு இருந்தாத்தான் வரும். நீங்க நல்லா இருக்கணும்."

அவர் இடது கையால் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் அதை விடுவித்துக்கொண்டு, கொதிக்கிற தண்ணீரைப் பார்க்கப் போவது போல அடுப்புப் பக்கம் திரும்பி நின்றாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது.

அன்று மாலை கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் சட்டைப் பித்தானைக் கழற்றியபடியே கேட்டு, பாதியில் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார்.

"நான்தானே அன்னைக்குப் போகாதேன்னேன்."

"நீங்க ஒரு நாள் தூங்கச் சொன்னீங்க. பொய் எழுதச் சொல்லலையே. மீதிப் பத்தும் நானா செஞ்சது."

"இப்ப சொல்லி என்ன ஆகப் போகுது? உடைஞ்ச கை ஒட்டிடுமா?"

"ஒட்டாது."

"அப்புறம்?"

"அவங்க என்னை நல்லா இருக்கணும்னு சொல்லிட்டுப் போனாங்க. அதை வச்சுக்கிட்டு என்னால இருக்க முடியலை."

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கரை அலுவலகத்துக்குப் போனாள். கேடயத்தையும் ஒரு துணிப்பையில் கொண்டுபோனாள். அதிகாரி எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. எந்தெந்தத் தேதி, எந்த எண், நான்காம் கம்பத்தில் எப்படி இறக்கிக்கொண்டு வந்தாள் என்று ஒரு தாளில் எழுதி வந்திருந்ததை நீட்டினாள். அவர் கண்ணாடியைக் கீழே இறக்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார்.

"சார், நான் ஒழுங்கா எழுதியிருந்தா படி அங்க வந்திருக்குமா?"

அவர் தாளை மேசையில் வைத்தார். "வந்திருக்காது" என்றார். பிறகு, "நாங்களும் ஒரு தடவை டேப்பைப் பிடிச்சுப் பார்த்திருக்கணும். அது எங்க தப்பு. அதையும் நான் மேல எழுதித்தான் ஆகணும்" என்றார். அவர் தன் பங்கை எடுத்துக்கொண்டதில் அவள் பங்கு ஒன்றும் குறையவில்லை.

"ஒண்ணு சொல்றேன் மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க குறிப்பு அத்தனையும் பதிவிலிருந்து எடுத்துடணும்."

"பதினொண்ணுதான் சார் பார்க்காம எழுதினது. அப்புறம் அந்த ஒரு மாசம். மத்ததெல்லாம் சத்தியமா நான் போய்..."

"அதையும் நீங்கதானே சொல்றீங்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது அப்படிப் போய்த் தைத்தது. காய்ச்சலில் போன காலைகள், நாய் பழத்தைக் கவ்விய நாள், மூன்று வருடத்து முந்நூற்றுச் சொச்சம் நிஜமான நடைகள், எல்லாம் ஒரு வாக்கியத்தில் போயின. கேடயத்தை அவர் மேசையில் வைத்துவிட்டு வெளியே வந்தாள். அவர் அதைத் திருப்பிக் கொடுக்க முயலவில்லை.

தபால்காரம்மாவின் வீடு இரண்டு தெரு தள்ளி, ஒரு மாடிப் போர்ஷன். அவர் ஒற்றைக் கையால் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். பல்லக்கா வாசலில் நின்றபடியே சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. தபால்காரம்மா கேட்டுக்கொண்டே ஓர் ஈரத் துண்டைக் கையில் வைத்திருந்தார். அது தரையில் சொட்டியது. சொல்லி முடித்ததும் துண்டைப் பிடித்த கையே தானாக வாயை மூடிக்கொண்டது.

"அப்ப இந்தப் பல்லு..."

"தெரிஞ்சுதான் செஞ்சேன்."

"நேத்து உங்க கையைப் பிடிச்சுக்கிட்டு நான் பேசினேனே. அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கணும்."

"கழட்டி வீசிடலாம்னு இருக்கு. ஆனா சாப்பிடணுமே. நாலு பேர் முன்னாடி பேசணுமே." அவர் துண்டைக் கொடியில் போட்டார். "மன்னிச்சேன்னு என் வாயில வராது அக்கா. அதுக்கு நிக்காதீங்க. போயிட்டு வாங்க."

'போயிட்டு வாங்க' என்பது பழக்கதோஷத்தில் வந்த சொல். வா என்று அதற்கு அர்த்தமில்லை என்பது இருவருக்கும் தெரியும்.

படிக்கட்டைப் பிரித்து, பாறை இருக்கும் முதல் கம்பத்துப் பக்கம் மாற்றிக் கட்டினார்கள். விதியும் மாறியது: இனி ஒவ்வொரு கடற்கரைக்கும் இரண்டு பேர், ஒருவர் அளக்க, ஒருவர் எழுத. ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் எழுத வந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் கிடைக்கவில்லை. பல்லக்கா கேட்டாள். அதிகாரி இரண்டு வாரம் யோசித்து, "பேனாவைத் தொடக் கூடாது" என்ற நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். அவள் ஆணியில் டேப்பை மாட்டுவாள், விளிம்பு வரை நடப்பாள், எண்ணைச் சொல்வாள். வாத்தியார் நடந்து வந்து தானும் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் எழுதுவார். முதல் நாட்களில் அது சுருக்கென்றது. இப்போது அவர் வந்து பார்க்கும் வரை அவளே டேப்பை விடுவதில்லை. ஊரில் விஷயம் தெரிந்ததும் சிலர் அவளிடம் பல் செய்துகொள்ளத் தயங்கினார்கள். வைத்தியர் அவளை விடவில்லை. தபால்காரம்மா மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். பல்லக்கா வீட்டுக் கடிதங்களைப் பெட்டியில் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போவார்.

ஒன்றரை வருடம் கழித்து ஒரு மத்தியானம், தபால் பையோடு அவர் பட்டறை வாசலில் நின்றார்.

"தட்டு லூஸாயிடுச்சு. டாக்டர் உங்ககிட்ட குடுக்கச் சொன்னாரு."

"உட்காருங்க."

அவர் உட்கார்ந்து, தட்டைக் கழற்றி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டார். பல்லக்கா தட்டைப் பிடித்து நிறுத்தும் கம்பியை நிமிர்த்தி வளைத்து, ஓரத்தைத் தேய்த்து, கழுவிக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டதும், எங்கே இடிக்கிறது என்று கறை காட்டும் நீலக் காகிதத்தை நீட்டினாள்.

"கடிச்சுப் பாருங்க."

கடித்தார். "இந்தப் பக்கம் இடிக்குது."

மறுபடி வாங்கித் தேய்த்தாள். தபால்காரம்மாவின் வலது கை மடியில் கிடந்தது. மணிக்கட்டு முழுதாக நிமிராமல் சற்றே உள்பக்கம் மடங்கியிருந்தது. அவள் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"மழை நாள்ல மட்டும்தான் வலிக்கும்" என்றார்.

பல்லக்கா தேய்த்த ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் மாட்டி, இரண்டு பக்கமும் கடித்துப் பார்த்து, தலையசைத்தார்.

"மறுபடி லூஸானா?"

"கொண்டு வாங்க. எப்ப வேணா."

"சரி" என்று சொல்லிவிட்டு, இடது கையால் பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு, தபால்காரம்மா இரண்டாம் சுற்றுக்குக் கிளம்பினார்.